காலுக்குத் தெரிகிற மஞ்சள் கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் புல்லட் ரயிலைப் பற்றி வாசகர் ஒருவர் நம் இதழில் எழுதியிருந்ததை என் பேத்தி வாசித்துக் காட்டினாள். நானும் ஜப்பான் போய் வந்தவன்தான். புல்லட் ரயிலில் ஏறவில்லை. மகள் குடியிருக்கும் நிஷி-கசாய் ஸ்டேஷனில் ஏறி இறங்கியதோடு சரி. பார்வை குறைந்தவர்கள் காலால் தடவி வழி அறிய அங்கே தரையில் பதித்திருக்கும் மஞ்சள் கல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அது அவள் கணக்கு.

ரங்கூன் தாம்வேயில் முப்பத்தெட்டு வருஷம் தையல் கடை வைத்திருந்தேன். கண்ணில் நீர் அழுத்தம் வந்து பக்கப் பார்வை போய்விட்டது. எதிரே இருப்பது குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரியும், காலடியில் இருப்பது தெரியாது.

நிஷி-கசாய் டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் தோசாய் பாதை சுரங்க ரயில்தான், ஆனால் அராகாவா ஆற்றை நெருங்கும்போது வெளிச்சத்துக்கு வந்து பாலத்தில் ஏறிவிடும். ஸ்டேஷனும் உயரத்தில்தான். இந்தியக் குடும்பங்கள் அங்கே நிறைய. கடைப் பக்கம் இறங்கினால் தமிழும் காதில் விழுகிறது.

முதன்முதலாகத் தனியே திரும்பிய அன்று, தெரியாமல் விரைவு வண்டியில் ஏறிவிட்டேன். அது தோயோசோவை விட்டால் உராயாசுவில்தான் நிற்குமாம். நிஷி-கசாய் ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போனது. தப்பு என்னுடையதுதான், அறிவிப்பு செய்துகொண்டேதான் இருந்தார்கள். உராயாசுவில் இறங்கி எதிர்த்திசை வண்டி பிடிக்க வேண்டும். கண்ணும் உதவவில்லை, எனக்குத் தெரிந்த பாஷையும் உதவவில்லை.

அப்போதுதான் செருப்புக்கு அடியில் மேடு மேடாக ஏதோ தட்டுப்பட்டது. மெஷின் பெடலை மிதித்தே பழகிய கால் இது, சும்மா விடுமா? நீளக் கோடாக இருந்த வரை நடந்தேன். கோடு போய்ப் புள்ளி வந்தது, நின்றேன். எதிரே படிக்கட்டு! கோடு என்றால் நட, புள்ளி என்றால் நின்று கவனி. யாரும் சொல்லித் தராமலே புரிந்துவிட்டது. நடைமேடை ஓரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு: புள்ளிகளை ஒட்டி, உள்பக்கமாக ஒரே ஒரு கோடு. தண்டவாளம் எந்தப் பக்கம், பத்திரமான பக்கம் எது என்று அந்த ஒற்றைக் கோடு சொல்லிவிடும்.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஒகாயாமா ஊரில் தங்கும் விடுதி நடத்திய மியாகே செய்இச்சி என்பவர், கண் மங்கிக்கொண்டிருந்த நண்பர் ஒருவருக்காக 1965-இல் யோசித்துச் செய்த கல்லாம் இது. 1967 மார்ச் 18-இல் அந்த ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதலில் பதித்தார்கள். ரயில் நடைமேடைக்கு வந்தது 1970-இல், ஒசாகாவின் அபிகோசோ என்ற சின்ன ஸ்டேஷனில். அப்புறமும் எல்லா இடத்துக்கும் உடனே வந்துவிடவில்லை. நம் பர்மாக்காரர்கள் கூடுகிற தகதானோபாபா ஸ்டேஷன் இருக்கிறதே, 1973-இல் பார்வையற்ற ஒருவர் அங்கே நடைமேடையிலிருந்து விழுந்து ரயிலில் அடிபட்டு இறந்தார். குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். மொஹிங்கா, அதாவது நம் ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட அங்கே போனபோது இதைக் கேட்டேன். பாதிக் கிண்ணத்தோடு எழுந்துவிட்டேன்.

ஜப்பானியர் எல்லாரும் உத்தமர் என்றும் சொல்ல மாட்டேன். கடை வாசலில் அந்தக் கல்லின் மேலேயே சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஒரு தடவை முழங்காலில் இடித்துக்கொண்டேன்.

இங்கே நம் பக்கத்தில், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம், போன மழைக்காலத்தில் நடைமேடை விளிம்பு தெரியாமல் ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பர்மியப் பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான். காலர் கிழிந்தது. அதை இன்னும் தைக்காமல் வைத்திருக்கிறேன்.

ரங்கூனைச் சுற்றி ஓடும் நம் வட்ட ரயிலில் ஜப்பானின் பழைய பெட்டிகள் ஓடியதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், அந்த ஊர் எழுத்துகூட அழியாமல் இருந்தது. அவர்கள் பாதை 1,067 மில்லிமீட்டர் அகலம், நம்முடையது 1,000. அதற்காகச் சக்கர அகலத்தையே மாற்றி ஓட்டினார்கள். அதைச் செய்தவர்களுக்குக் கல் பதிப்பது ஒரு வேலையா? நம் ரங்கூன் கெமண்டைனில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது, வட்ட ரயில் ஸ்டேஷனும் இருக்கிறது. ஒகாயாமாவில் செய்தது போல, பள்ளி வாசலிலிருந்து நடைமேடை வரை முதலில் போட்டுப் பார்க்கலாம்.

ஊருக்குக் கிளம்பும் முன் நிஷி-கசாய் ஸ்டேஷன் வாசலில் குந்தி உட்கார்ந்து, இஞ்ச் டேப்பால் அளவெடுத்தேன். மகளுக்கு ஒரே வெட்கம். கல் 30 சென்டிமீட்டர் சதுரம், ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. புள்ளிக் கல்லில் வரிசைக்கு ஐந்தாக 25 புள்ளி, கோட்டுக் கல்லில் 4 கோடு. மேட்டின் உயரம் 5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் இரண்டை அடுக்கினால் வரும். அளவெல்லாம் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. சிமெண்ட் கல் வார்க்கிற பட்டறைக்காரர் யாராவது கேட்டால், உங்கள் அலுவலகம் வழியாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய தையல்காரன் ஒருவன்,
தாம்வே, ரங்கூன்