நிலாவில் 47 றாத்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் 1969 ஜூலை 21ஆம் திகதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதன் சந்திரனில் கால் வைத்ததை நாடே தொலைக்காட்சி முன் கூடிப் பார்த்தது என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். அரசாங்கத் தொலைக்காட்சியான ரூபவாஹினி அதற்கும் பிறகு, 1982இல். கொழும்பில் குடியிருந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அந்த நாட்களில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இலங்கைவாசிகளில் டிவி பக்கத்தில் இருந்தார் என்று நான் அடித்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் பார்த்தது மழையை. ஆடி மாதம், வானமே தெரியாது. செய்தி வந்தது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோவில். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று 1967இலேயே பெயர் மாற்றிவிட்டார்கள், எங்களுக்கு அது என்றைக்கும் ரேடியோ சிலோன்தான். பேட்டரி தீர்ந்துவிடுமே என்று செய்தி முடிந்த மறுகணம் அவர் டக்கென்று திருகிவிடுவார். ஆம்ஸ்ட்ரோங் ஏணியிலிருந்து இறங்கியபோது நம் நேரம் காலை 8.26. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு கலைந்து ஆட்கள் கொழுந்து மலைக்குப் போய்விட்ட நேரம். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பின்னால் போய், சந்திரனில் ஆள் இறங்கிவிட்ட சேதியைச் சத்தம் போட்டுச் சொன்னார். எங்கள் அப்பாயி கொழுந்திலிருந்து கையை எடுக்காமலே, "ஏங்க கங்காணி, அங்கயும் மழையா?" என்று கேட்டதாம்.

பத்திரிகை விஷயம் இன்னும் வேடிக்கை. கலம் தரை தொட்டதே நம் நேரம் பின்னிரவு 1.47க்கு. அப்படியென்றால் 21ஆம் திகதி காலைப் பேப்பரில் ஆம்ஸ்ட்ரோங் நடந்திருக்க வழியே இல்லை. அவர் நடந்த சேதி போட்ட பேப்பர் மறுநாள் கொழும்பில் ரயிலேறி, ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து மஸ்கெலியா வந்து, கடையில் நாலு பேர் கை மாறித்தான் தோட்டத்துக்கு வந்து சேரும். சந்திரனிலிருந்து பூமிக்குச் சேதி வர ஒன்றேகால் செக்கன். மிச்சத் தாமதம் முழுக்க இங்கே. அந்தக் காலத்தில் பழைய மஸ்கெலியாப் பட்டணமே மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு இடம் விட்டு மேட்டுக்கு ஏறியிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஏறினா நிலா வந்துடும்" என்று கடைக்கார முதலாளி சொன்னதைப் பெரியவர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேறு கவலை. 1966 முதல் 1971 வரை நாட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. நிலாவின் நாலு கட்டத்தையும் பார்த்து வரும் போயாதான் லீவு. அரைநிலாப் போயா அந்த வாரம்தான். இவன்கள் பாட்டுக்கு அங்கே போய் எதையாவது இடறி வைத்தால் நம் லீவு என்ன ஆவது? பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைவிட ஆழமாகப் போனார். சந்திரனிலேயே நிற்கிறவனுக்குச் சந்திராஷ்டமம் எந்த நாளில் வரும் என்பது அவர் சந்தேகம். இன்றுவரை எந்தச் சோதிடரும் அதற்குப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியாது.

ஆனால் தோட்டத்தில் பேச்சு சூடு பிடித்தது கல் கணக்கு வந்த பிறகுதான். இரண்டு பேரும் இரண்டரை மணி நேரம் வெளியே நின்று பொறுக்கியது 21.5 கிலோ. அப்போது எங்களுக்கு எல்லாம் றாத்தல், அதாவது பவுண்டு, ஆக ஏறக்குறைய 47 றாத்தல். தூங்கி எழுந்து இறங்கச் சொல்லியிருந்தும் தூக்கத்தை விட்டுவிட்டு முன்கூட்டியே இறங்கியிருக்கிறார்கள். அது நேரம் கடந்து செய்து தனிக்காசு வாங்கும் கைக்காசு வேலையா, நாட்சம்பளத்துக்குப் பேர் விழும் பேர் வேலையா என்று ஒரு விவாதம். நம் தராசுக்கு வந்திருந்தால் பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்திருப்பார்கள். ஈரமே இல்லாத இடம் என்று சொல்லிப் பார்த்தாலும் கணக்கப்பிள்ளை விட்டிருக்க மாட்டார். அங்கேயே நிறுத்திருந்தால் இன்னும் மோசம், நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு. 47 றாத்தல் 8 றாத்தலாகி, அரைப்பேர்தான் விழுந்திருக்கும்!

தொழிற்சங்கத்துக்காரர்களையும் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சி அப்போது மாஸ்கோ பக்கம், பீக்கிங் பக்கம் என்று பிரிந்து கிடந்தது. மாஸ்கோ பக்கத்தார் லூனா 15 என்ற சோவியத் விண்கலத்தை நம்பியிருந்தார்கள். அமெரிக்கர்களுக்கு முன்னால் ஆளில்லாமலே மண் அள்ளி வந்துவிடும் என்று பேச்சு. அதே 21ஆம் திகதி இரவு, நம் நேரம் ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால், அது நிலாவில் மோதி நொறுங்கியது. பீக்கிங் பக்கத்தார் முகத்தில் அன்று தெரிந்த சந்தோஷம் அமெரிக்கர் முகத்தில்கூட இருந்திருக்காது.

சந்திரன் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டதில் அந்த வாரம் மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போனது. இந்திரா காந்தி 19ஆம் திகதி 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கியிருந்தார். கால்பந்தாட்டத்தில் தொடங்கிய சண்டையோடு எல் சல்வடோரும் ஹொண்டுராஸும் குண்டு போட்டுக்கொண்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தன. பக்கத்துத் தோட்டத்தோடு மேட்ச் வைக்க எங்கள் அண்ணன்மார் அதற்குப் பிறகும் தயங்கவில்லை.

உங்கள் கட்டுரையில் 'நாடே' என்று போட்டிருந்தீர்களே, அதிலும் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். அந்த ஜூலையில் நாங்கள் எந்த நாடு? இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவின் பக்கம், 3,00,000 பேர் இலங்கைப் பக்கம், மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்திருந்தார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுக்க 1970 ஏப்ரல் 30 வரை கெடு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் ஃபோம் நிரப்பும் காலம் அது. எங்கள் தாத்தாவின் ஃபோமில் புறப்பட்ட இடம், கப்பல் ஏறிய வருடம் எல்லாம் வெறுமையாகக் கிடந்தது. சந்திரனுக்குப் போனவர்களும் திரும்பி வந்து சுங்கப் பத்திரத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். புறப்பட்ட இடம் சந்திரன், சரக்கு நிலாக்கல்லும் நிலாத்தூளும். வேடிக்கைக்காகச் செய்ததாம். சரி, அவர்களுக்காவது புறப்பட்ட இடம் தெரிந்திருந்தது. நோய் கொண்டு வந்திருப்பார்களோ என்று 21 நாள் அடைத்து வேறு வைத்தார்கள். அதைக் கேட்டு தாத்தா, "மண்டபம் கேம்பு அங்கயும் இருக்கா?" என்றார். இலங்கைக்கு வரும் கூலிகளை நோய்க்குப் பயந்து தடுத்து வைத்த அந்தத் தமிழ்நாட்டுக் கேம்பில் சின்ன வயதில் அடைபட்டு வந்த மனிதர் அவர்.

இதற்கெல்லாம் ஒரு பின்கதை உண்டு. 1966 கடைசியில் அரசாங்கம் கொடுத்த கூப்பன் அரிசி வாரத்துக்கு இரண்டு கொத்து (படி போன்ற அளவு) என்பதிலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்திருந்தது. 1970 தேர்தலில் இரண்டு கொத்தும் தருவோம், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்று சிறிமாவோ அம்மையார் மேடையில் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். அந்த 47 றாத்தலில் ஒரு மணி அரிசிகூட இல்லை என்று அதற்குள் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. இருந்தும் மே மாதம் அம்மையாரின் கூட்டணிக்கு 151இல் 116 ஆசனம்! எழுபதுகளில் தோட்டத்து அரிசிப்பானை பட்ட பாட்டை எழுத வேறொரு கடிதம் வேண்டும்.

தொலைக்காட்சி வரியைத் தயவுசெய்து திருத்திப் போடுங்கள். அப்புறம், அடுத்த தடவை பழைய பேப்பரை எடுத்துப் போடும்போது முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் உள்பக்கங்களையும் கொஞ்சம் காட்டுங்கள். தேயிலை விலை, சினிமா விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் வரட்டும். ராக்கெட் படத்தை என் பேத்தி போனிலேயே காட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.