அந்தச் சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்

சென்னையிலிருந்து வெளிவரும் ஆங்கில நாளிதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உலகச் செய்திப் பக்கத்தில், ஒதுக்கிவைக்கப்பட்டவர் என்ற பொருளில் அடிக்கடி வரும் 'பரையா' (pariah) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். வட கொரியா ஒரு 'பரையா ஸ்டேட்'. உக்ரைன் மீது படையெடுத்த பிறகு ரஷ்யாவும் அப்படியே. சவுதி அரேபியாவை 'பரையா' ஆக்குவோம் என்று 2019-இல் ஜோ பைடன் விவாத மேடையில் பேசினார். செய்தி ஏஜென்சிக்காரர்கள் எழுதி அனுப்பியது அப்படியே அச்சேறிவிடுகிறது.

அது நம் மண்ணிலிருந்து போன சொல். பறையர் என்ற பெயரை ஐரோப்பியர்கள் காதில் வாங்கி எழுதியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் பதிவாகிவிட்டது. முதலில் ஒரு சாதியின் பெயர் மட்டுமே. 19-ஆம் நூற்றாண்டில் சமூகம் ஒதுக்கிவைத்த எவரையும் குறிக்கத் தொடங்கியது. தென்னிந்தியாவின் ஒரு சாதிப் பெயரை ஐரோப்பியர்கள் கடைநிலையில் வைக்கப்பட்ட எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டதை 1886-இல் வந்த, ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே சொல்கிறது. தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும்கூட இந்தப் பெயரை வைத்தார்கள்.

புறநானூறு 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், 'துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை' என்கிறார். ஊரின் குடிகளை எண்ணும்போது விடாமல் சொல்லப்பட்ட பெயர் அது. ஆங்கிலத்தில் அதற்கே 'எந்தக் குடியிலும் சேராதவன்' என்று பொருள்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. நிறவெறிக்காக உலகம் ஒதுக்கிவைத்த தென்னாப்பிரிக்க அரசையும் இதே சொல்லால்தான் அழைத்தார்கள். அநியாயம் செய்தவனைத் திட்ட, அநியாயத்துக்கு ஆளானவர்களின் பெயர்! கொத்துக் கொத்தாகக் குண்டு போடும் அரசுக்கும் சேரியில் ஒடுக்கிவைக்கப்பட்ட மக்களுக்கும் என்ன சம்பந்தம்?

'மூலம் யாருக்கு நினைவிருக்கிறது?' என்று கேட்பீர்கள். லண்டனில் இருக்காது, உங்கள் வாசகருக்கு இருக்கிறது. உங்கள் டெஸ்க்கில் உட்கார்ந்து அந்தத் தலைப்பை எடிட் செய்பவரே அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே இதழ் தொடங்கினாரே என்றால், அது தன் பெயரைத் தானே தலைநிமிர்ந்து சொன்னது. பிறர் அதை வசவாக்குவது வேறு. அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும் என 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததும் இந்த வலியால்தான்.

'பரையா' என்றழைக்கப்பட்ட நாட்டு நாயை, நாய் வளர்ப்பவர்கள் பலர் இப்போது 'இண்டி' என்கிறார்கள். யாருக்கும் புரியாமல் போகவில்லை. உங்களுக்கும் தனிமைப்படுத்தப்பட்டது என்று பொருள்படும் 'ஐசொலேட்டட்' இருக்கிறது. 'அவுட்காஸ்ட்' இருக்கிறது, வெளியே எறியப்பட்டது என்றுதான் அதற்குப் பொருள், சாதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தலைவர்களின் நேரடிப் பேச்சை மேற்கோளாகத் தரும்போது மாற்ற முடியாதுதான். தலைப்பும் தலையங்கமும் உங்கள் கையில் இருக்கின்றன. எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று வரையறுக்கும் உங்கள் ஸ்டைல் புக்கில் இதற்கென ஒரு வரி சேருங்கள், ஏஜென்சி செய்திகளுக்கும் அது பொருந்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்