மூன்று திருகாணிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் போர் விமானங்கள் பற்றிய கட்டுரை எஃப்-117 விமானத்தில் இருந்தே கதையைத் தொடங்கிவிட்டது. அதற்கு வழிகாட்டிய 'ஹேவ் புளூ'வுக்கு ஒரு வரிகூட இல்லையே! அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் ரகசியமாகக் கட்டிய அந்தச் சோதனை விமானம் 1977 டிசம்பர் 1 அன்று நெவாடா பாலைவனத்தில் முதன்முதலாகப் பறந்தது. உடம்பெல்லாம் பட்டை தீட்டிய வைரம் மாதிரி தட்டை முகங்கள். ரேடார் அலை பட்டால் வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறிவிடும். இந்தக் கணக்குக்கு அடித்தளமே சோவியத் விஞ்ஞானி உஃபிம்த்சேவ் 1962இல் வெளியிட்ட ஆய்வு. எதிராளி வீட்டு அரிசியில் பொங்கல் வைத்த கதைதான்!

சோதனையின்போது ஒருநாள் விமானம் ரேடாரில் பளிச்சென்று தெரிந்ததாம். தேடிப் பார்த்தால், மூன்று திருகாணிகள் சரியாக முடுக்கப்படாமல் துளி மேலே நீட்டிக்கொண்டிருந்தன. லேத் பட்டறையில் காலம் கழித்தவன் நான். இதைப் படித்த நாளிலிருந்து மறக்க முடியவில்லை.

கட்டியவை இரண்டே. 1978இல் ஒன்று, 1979இல் மற்றொன்று என இரண்டும் விழுந்து நொறுங்கின. விமானிகள் உயிர் தப்பினாலும், முதல் விமானத்தை ஓட்டிய பில் பார்க் அந்தக் காயங்களோடு சோதனைப் பறத்தலையே விட வேண்டியதாயிற்று. அடுத்த கட்டுரையில் அவர் பெயரையாவது போடுங்கள்.

– ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, கோவை