காபி பூக்கும் முன் பணம் தாருங்கள்: நிதிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். கூடலூர்ப் பக்கம் ரொபஸ்டா வகைக் காபித் தோட்டங்களில் தேனீக்களை ஆராயும் குழுவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கியது என்பது உங்களுக்கே தெரியும், பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: களப்பணிக்கான முன்பணத்தை ஜனவரி முடிவதற்குள் விடுவியுங்கள்.

ஏன் ஜனவரி? பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை விழுந்தால், அதுவரை உறங்கிக் கிடந்த காபி மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை. மலர்ந்த பூ சில நாளில் பழுப்பேறிவிடும். ரொபஸ்டாவுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. வேறு செடியிலிருந்து வந்தாக வேண்டும். காற்று ஒரு பங்கு கொண்டுவரும். மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் எவ்வளவு கொண்டுவருகின்றன என்பதே எங்கள் கேள்வி. அதற்கு மொட்டு விரியும் முன்பே சில கிளைகளுக்கு வலைப்பை கட்டிவிட வேண்டும். காற்று புகும், தேனீ புகாது. கட்டிய கிளையிலும் கட்டாத கிளையிலும் எத்தனை காய் பிடித்தது என்று அப்புறம் எண்ணினால் விடை கிடைக்கும்.

இந்த ஆண்டு மழை நன்றாகவே பெய்தது. வலைப்பை வாங்கும் கோப்பு மட்டும், மூன்றாவது கடையின் விலைப்புள்ளி இல்லை என்று திரும்பி வந்திருந்தது. வண்டிக்கான பணமும் அதோடு நின்றது. தோட்டத்துக்காரர் தினமும் போன் செய்தார்: "மொட்டு நீண்டுருச்சுங்க, வர்றீங்களா இல்லையா?" கைக்காசைப் போட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூ விரிந்துவிட்டது. செடிகளுக்கு நடுவே நின்றால் நாலாபுறமும் தேனீக்களின் இரைச்சல், கால்களில் மகரந்தம் அப்பியபடி கொத்துக்குக் கொத்து தாவிக்கொண்டிருந்தன. விரிந்த பூவுக்குப் பை கட்டிப் பயனில்லை. எந்தத் தேனீ ஏற்கெனவே உட்கார்ந்து போனது என்று யாருக்குத் தெரியும்? இனி அடுத்த ஆண்டுதான். எங்கள் ஆய்வு மாணவிக்கு உதவித்தொகை முடிய இன்னும் ஒரு பூக்காலமே மிச்சமிருக்கிறது.

பணம் வந்தது, மார்ச் கடைசி வாரத்தில். 31ஆம் தேதிக்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற குறிப்போடு. பூ உதிர்ந்த தோட்டத்தில் எதற்குச் செலவழிப்பது, ஐயா?

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் அராபிகா என்ற இன்னொரு வகைக் காபியை ஆராய்ந்தவர்கள், மூன்று வகைத் தேனீக்கள் வந்த தோட்டத்தில் சுமார் 60 சதவீதப் பூக்களும், இருபது வகை வந்த இடத்தில் 90 சதவீதமும் காய்பிடித்ததாக 2003இல் எழுதினார்கள். நம் மலைக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டாமா? மாம்பூ, ஏலப்பூ, முருங்கைப்பூ என்று எதை ஆராய்பவரைக் கேட்டாலும் இதே புலம்பல்தான். பூவுக்குப் பருவம் உண்டு என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேனடை தொங்கும் மரங்களை எங்களுக்குக் காட்டித் தரும் காட்டுநாயக்கர் பழங்குடிப் பெரியவருக்குப் போன பருவத்துக் கூலியே இன்னும் போகவில்லை. அச்சடித்த ரசீது கேட்கிறீர்கள். காட்டில் தேன் எடுக்கிறவர் ரசீதுப் புத்தகத்துக்கு எங்கே போவார்? கைரேகையும் எங்கள் சாட்சிக் கையெழுத்தும் போதாதா? அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் எதிரே நிற்க எங்களுக்குத்தான் கூசுகிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தணிக்கை விதிகளை நீங்கள் வகுக்கவில்லை என்பது தெரியும். ஆனால் பருவத்தை நம்பிய களப்பணிக்கு ஜனவரிக்குள் முன்பணம் தரவும், மீதியை ஏப்ரலுக்குப் பிறகு செலவழிக்க அனுமதி கோரவும் நீங்கள் ஒரு குறிப்பு எழுதினால் நடக்கும். காய் எண்ணும் வேலையே மார்ச்சுக்கு அப்புறம்தான் வருகிறது.

அடுத்த பருவத்துக்கான கோப்பை இப்போதே அனுப்பிவிட்டோம். விலைப்புள்ளி மூன்றும் அதில் இருக்கின்றன. அன்புகூர்ந்து ஜனவரிக்குள் கையெழுத்திடுங்கள். பெரியவரின் கூலியை அதற்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தேனீக் கள ஆய்வுக் குழுவில் ஒருவர்