நீலக் கேன் டீக்கடையில் இருக்கிறது

ஆசனூர்க்காரர்களுக்கும், பேர் கேட்க மறந்துபோன லாரிக்கார அண்ணனுக்கும் வணக்கம்.

கோவையிலிருந்து மைசூருக்குப் போகும்போதெல்லாம் உங்கள் ஊர் எங்களுக்கு ஒரு டீ குடிக்கும் இடம், அவ்வளவுதான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த நிம்மதியில் கால் நீட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். இந்த முறை ரேடியேட்டர் ஹோஸ் எங்களை உட்காரவைத்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். மலையடிவாரத்தில், பண்ணாரியிலேயே சூடு காட்டும் முள் ஏறியது. அப்பா நிறுத்தச் சொன்னார், நான் கேட்கவில்லை. பத்தொன்பதாவது வளைவில் பானெட்டிலிருந்து ஆவி.

அண்ணே, நீங்கள் தாளவாடிக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போய்க்கொண்டிருந்தீர்கள். வளைவைத் தாண்டி லாரியை ஓரங்கட்டிவிட்டு, கையில் ஒரு கல்லோடு கீழே நடந்து வந்தீர்கள். அதைப் பின்சக்கரத்துக்கு அணை கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தீர்கள். நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டு, "ஆறட்டும்மா, இப்பத் திறந்தா மூஞ்சி வெந்துடும்" என்றீர்கள். மாலை 6 மணிக்கு மேல் சரக்கு வண்டிகளுக்கு அந்தப் பாதையில் அனுமதி இல்லை. அடிக்கடி மணி பார்த்தீர்கள், ஆனால் போகவில்லை. காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில்தான் முதல் முறையாகக் கீழே எட்டிப் பார்த்தேன். மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் அதற்கப்பால் நீலகிரியையும் நீங்கள் கை நீட்டிக் காட்டினீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேரும் இடம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தானா!

ஒருவழியாக ஆசனூர் வந்து சேர்ந்தால், மெக்கானிக் அண்ணனிடம் அந்த அளவு ஹோஸ் இல்லை. சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். லக்கேஜ் டிக்கெட் எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு, "ஜன்னல் சீட்டுல உக்காந்து வந்துச்சு சார், அதுக்கு வேணா தனியா கொடுங்க" என்று சிரித்துவிட்டு விசில் ஊதினார்.

டீக்கடை அக்கா, பின்னறையைத் திறந்துவிட்டு, தமிழும் கன்னடமும் கலந்து நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்காமல் வெளியே கால் வைக்காதே. 2022லிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. தூரத்தில் ஏதோ கத்தியது. "கடமான்" என்றீர்கள், தூக்கத்திலேயே.

அப்புறம், காலையில் சாலையோரமாக நடந்துபோன எங்களைத் திருப்பி அனுப்பிய வனக் காவலர் தம்பி. காரப்பள்ளம் சோதனைச்சாவடி பக்கம் யானைகள் கரும்பு லாரிகளை மறிக்கும் வீடியோவைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன் என்று உங்களிடம் உளறிவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அளவுக்கு மீறி ஏற்றிய கரும்பு சோதனைச்சாவடி அருகே கீழே விழுவதையும், சில ஓட்டுநர்கள் வேண்டுமென்றே வீசுவதையும் சொன்னீர்கள். "1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல காடு இருக்குதுங்க அக்கா. ஆனா யானைக்குட்டி ரோட்டுல நின்னே வளருது." அந்த வீடியோவை நான்கு பேருக்கு அனுப்பியவள் நான். சரி, இனி அனுப்பமாட்டேன்.

லாரிக்கார அண்ணே, தண்ணீரோடு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன நீலக் கேன் அக்கா கடையில் இருக்கிறது. அடுத்த லோடுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மூடி பத்தொன்பதாவது வளைவிலேயே உருண்டு பள்ளத்தில் போய்விட்டது. வேறு மூடி வாங்கிப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் லூஸ்தான்.