டன்ஜன் கேம் பண்றவங்களுக்கு: அந்த கதவை யார் பூட்டினாங்கன்னு எங்களுக்கு காட்டுங்க

டன்ஜன் க்ராலர், அதாவது பாதாள அறை, கல்லறைன்னு ரூம் ரூமா உள்ள போய் ஆடுற கேம், டிசைன் பண்ற எல்லாருக்கும், குறிப்பா பஸில் ரூம் வரைஞ்சு அதுல எலும்புக்கூட்டை எந்த மூலையில போடறதுன்னு முடிவு பண்ற லெவல் டிசைனர்களுக்கு,

வணக்கம். உங்ககிட்ட கேக்க வந்தது ஒரே ஒரு விஷயம்தான். ஒரு பஸிலை ஒரு ரூம்ல வைக்கிறதுக்கு முன்னாடி, இதை இங்க யார் வச்சாங்க, யாரை தடுக்க வச்சாங்க, அந்த காலத்துல தினம் இங்க வந்து போனவங்க இதை எப்படி தாண்டி போனாங்க, இதுக்கெல்லாம் நீங்க ஒரு பதில் வச்சுக்கோங்க. அதை எங்ககிட்ட வாயால சொல்லவே வேணாம், செவுத்துலயும் தரையிலயும் செத்து கிடக்குறவன் கையிலயும் தெரிஞ்சா போதும்.

இப்ப நிறைய கேம்ல பஸில் ஒரு பக்கம் கிடக்கு, கதை ஒரு பக்கம் கிடக்கு. ஆயிரம் வருஷமா ஆள் நடமாட்டமே இல்லாத கல்லறைன்னு சொல்றீங்க, உள்ள போனா நாலு சிலை நிக்குது, நாலையும் சரியான பக்கம் திருப்பினா கதவு திறக்குது, ஏன் சிலை, ஏன் நாலு, எதுக்கும் காரணம் இல்ல. பக்கத்து மேஜையில ஒரு கடிதம், அதுல மூணு பத்திக்கு யாரோட சோகமோ இருக்கு, அதுக்கும் சிலைக்கும் சம்பந்தமே கிடையாது. நாங்க சிலையை திருப்பிட்டு கடிதத்தை படிக்காம போயிடுறோம். போகத்தான் செய்வோம்.

2010ல ஜிடிசிங்கற கேம் டெவலப்பர்கள் மாநாட்டுல ஹார்வி ஸ்மித், மத்தியாஸ் வோர்ச்னு ரெண்டு கேம் டிசைனர்கள் பேசினது உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், இங்க என்ன நடந்துச்சுன்னு பிளேயர் தடயங்களை பாத்து தானே கோர்த்து எடுக்கணும்ங்கறதுதான் அதோட சாரம். யோசிச்சு பாருங்க, பஸில் போடும்போதும் நாங்க செய்யறது அதே வேலைதான். தடயத்தை பாக்கறோம், ஒண்ணோட ஒண்ணு சேத்து பாக்கறோம், ஒரு முடிவுக்கு வர்றோம். ஒரே மூளை வேலையை எதுக்கு ரெண்டா பிரிச்சு வைக்கிறீங்க?

2011ல வந்த ஸ்கைரிம்ங்கற கேம்ல ப்ளீக் ஃபால்ஸ் பாரோன்னு ஒரு கல்லறை வரும், ஆரம்பத்துலயே போற இடம். அங்க ஒரு கொள்ளைக்காரன் உங்களுக்கு முன்னாடி போய், மூணு தூணையும் சரியா திருப்பாம லீவரை இழுப்பான், அம்பு பாஞ்சு அங்கயே செத்து விழுவான். ஒரு வரி டுடோரியல் இல்ல, ஆனா லீவரை இப்ப தொடக்கூடாதுன்னு புரிஞ்சிடுது, இங்க நமக்கு முன்னாடியே ஆளுங்க பேராசையில வந்திருக்காங்கன்னும் புரிஞ்சிடுது. பதில் எங்க இருக்குன்னு தேடினா கதவுக்கு மேல பாம்பு, திமிங்கலம்னு கல்லுல செதுக்கியிருக்கும், மூணுல ஒண்ணு மட்டும் பெயர்ந்து கீழ தரையில கிடக்கும். அந்த விழுந்த கல்லுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. இடம் எவ்வளவு பழசுன்னு சொல்றதும் அதுதான், பஸிலை பஸிலா ஆக்குறதும் அதுதான். கட்டின காலத்துல மூணும் மேல வரிசையா இருந்திருக்கும், வர்ற பூசாரி பாத்து திருப்பிட்டு போயிருப்பான், அவனுக்கு அது பஸிலே இல்ல. காலம்தான் அதை நமக்கு பஸிலா மாத்தியிருக்கு.

(அதே கல்லறையில டிராகன் பாதம் மாதிரி இருக்குற ஒரு தங்க நகத்தை சாவியா வச்சு திறக்குற கதவும் வரும், நகத்தோட உள்ளங்கையிலேயே விடை இருக்கும். முதல் தடவை அருமை, அதே வித்தை கேம் முழுக்க திரும்பத் திரும்ப வரும்போது சத்து போயிடுது.)

2012ல லெஜண்ட் ஆஃப் க்ரிம்ராக்னு ஒரு கேம் வந்துச்சு, ஒரு மலைக்குள்ள மாட்டிக்கிட்டு வெளிய வர வழி தேடுற கதை. உங்களுக்கு முன்னாடியே அந்த மலைக்குள்ள மாட்டின டூரம்னு ஒருத்தன் அங்கங்க குறிப்பு எழுதி வச்சிருப்பான், அதுல சிலது பஸிலுக்கு உதவும், சிலது அவன் நிலைமையை சொல்லும். ஹிண்ட் கொடுக்கறவனுக்கே ஒரு கதை இருக்கு, அவன் காலடியை பிடிச்சு போய் கடைசியில அவன் எலும்பை பாக்கும்போது மனசு கனக்குது. இப்படி ஹிண்ட் கொடுத்தா யார் வேணாம்னு சொல்லப்போறாங்க?

ஆனா இப்ப என்ன நடக்குது, ரூமுக்குள்ள நுழைஞ்சு மேல அண்ணாந்து பாக்கறதுக்குள்ள கூட வர்ற கேரக்டர் "அந்த சங்கிலியை அறுத்து பாரேன்"னு சொல்லிடுது. ஏறவேண்டிய இடத்துல எல்லாம் வழி காட்ட மஞ்சள் பெயின்ட். கஷ்டத்தை குறைக்கவே வேணாம்னு நான் சொல்லல, எல்லாருக்கும் ஒரே நேரமும் ஒரே கண்பார்வையும் இருக்காது, உதவி வேணும்தான். 1998ல வந்த ஒக்கரினா ஆஃப் டைம்ங்கற செல்டா கேம்ல வாட்டர் டெம்பிள்ங்கற தண்ணி நிறைஞ்ச டன்ஜன் எத்தனை பேரை அழ வச்சதுன்னு உங்களுக்கே தெரியும், அங்க பெரிய கொடுமை பஸில் இல்ல, தண்ணிக்கடியில இறங்க போடுற இரும்பு பூட்ஸை மாட்டவும் கழட்டவும் ஒவ்வொரு தடவையும் மெனுவுக்குள்ள போக வேண்டியிருந்ததுதான். 2011ல நின்டெண்டோவோட 3டிஎஸ்ங்கற கையடக்க மெஷின்ல அந்த கேம் திரும்ப வந்தப்ப பூட்ஸை ஒரு பட்டன்ல வச்சாங்க, தண்ணி மட்டத்தை மாத்துற இடங்களுக்கு போற வழியை கலர் கோடு போட்டு செவுத்துல காட்டினாங்க. யோசிக்கற வேலையில கை வைக்கல, எரிச்சலை மட்டும் எடுத்தாங்க. உதவின்னா அப்படி இருக்கணும்.

அதனால ஹிண்ட்டை செட்டிங்ஸ்ல வைங்க, எவ்வளவு நேரம் கழிச்சு கூட வர்றவன் வாயை திறக்கணும்னு நாங்க முடிவு பண்ற மாதிரி, அவனை மொத்தமா சும்மா இருக்க வைக்கவும் முடியுற மாதிரி. பெயின்ட் அடிச்சே ஆகணும்னா அடிச்சவன் யாருன்னு காட்டுங்க, அவன் டப்பா எங்க கிடக்கு, அவன் எது வரைக்கும் போய் சேந்தான்னு காட்டுங்க. கேம் வெளியாறதுக்கு முன்னாடி ஆளுங்களை விளையாட வச்சு பாக்குற ப்ளேடெஸ்ட்ல பத்து பேர் ஒரே இடத்துல மாட்டிக்கிட்டா டயலாக் ரைட்டரை உடனே கூப்பிடாதீங்க. முதல்ல அந்த ரூம்ல எரியுற தீப்பந்தத்தை ரெண்டடி தள்ளி வச்சு பாருங்க, செத்து கிடக்குறவன் முகத்தை லீவர் பக்கமா திருப்பி வச்சு பாருங்க, அப்பவும் யாருக்கும் புரியலன்னா அந்த ரூமை திரும்ப வரைஞ்சுட்டு வாங்க, கேம் கொஞ்சம் லேட்டா வந்தாலும் நாங்க காத்திருக்கோம்.

இப்படிக்கு,
ஒவ்வொரு ரூமையும் சுத்தி பாத்துட்டுதான் கதவு பக்கம் போற ஒரு பிளேயர்