எங்கள் தோட்டத்துப் பாம்புக்கும் மருந்து வேண்டும்

மத்திய சுகாதார அமைச்சகத்தில் பாம்புக்கடித் திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. போன மழைக்காலத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போனவர் சருகுக்குள் கிடந்த பாம்பை மிதித்துவிட்டார். சுண்டுவிரலில் கடி. பாம்பு ஒரு முழம்கூட இருக்காது. கூட வெட்டிக்கொண்டிருந்த அக்கா அதைக் கைபேசியில் படம் எடுத்துவைத்தார்.

முதலில் போன மருத்துவமனையில் 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது, முகம் வீங்கியது. அதற்கு வேறு ஊசி போட்டு அடக்கினார்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் மருத்துவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கு பாருங்க. இது வேற விரியன், குழிவிரியன். இதுக்கு நம்மகிட்ட இருக்கிற மருந்து கேக்காது.”

அதன் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு மெல்லச் சரிப்பார்கள். நல்ல ரத்தம் என்றால் கட்டியாக அப்படியே நிற்கும். அம்மாவின் ரத்தம் சாயத்தண்ணீர் மாதிரி ஓடியது. 3 நாள், ஒவ்வொரு முறையும் நான் அந்தக் குழாயின் முன்னால் நின்றேன். ஒவ்வொரு முறையும் ஓடியது. கொடுக்க மருந்து இல்லை, காத்திருப்பது மட்டும்தான் சிகிச்சை. 4-ஆம் நாள் சிறுநீர் நின்றுபோனது. 7 முறை டயாலிசிஸ் செய்து அம்மாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மருத்துவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் பட்டியல் என்ன கொடுத்ததோ, அதைத்தான் அவர்களால் ஏற்ற முடிந்தது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளை எடுத்துத்தான் நாடு முழுவதற்கும் ஒரே மருந்து செய்கிறோம். விஷம் பெரும்பாலும் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள, 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்த மக்களின் உழைப்பால் பிழைத்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் மலையடிவாரத்துக் குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. ஆகவே எங்களுக்கு மருந்தும் இல்லை. ஐயா, அம்மா, இந்தப் பாம்பின் விஷத்தையும் மருந்தில் சேர்த்துவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. இந்தக் கடி சிறுநீரகத்தைப் பறிக்கும், உயிரையே பறிக்கும் என்று கேரள மருத்துவர்கள் 2007-லேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். இலங்கையில் இதே பாம்பு எல்லோருக்கும் தெரிந்த எதிரி. அங்குள்ள ஆய்வாளர்கள் கோஸ்டா ரிக்காவின் விஷமுறிவு நிறுவனத்தோடு சேர்ந்து, இதன் விஷத்தையும் உள்ளடக்கிய ஒரு மருந்தைச் செய்து, ஆய்வக முடிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். எலிகளில் அது வேலை செய்தது. செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு, நான்கு பாம்புக்கு வெளியே உள்ளவற்றிடம் நம் மருந்து எவ்வளவு தோற்கிறது என்று 2019-இல் காட்டியது. கண்ணாடி விரியனின் விஷம்கூட ஊருக்கு ஊர், வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மாறுகிறது என்று 2025-இல் 34 இடங்களின் 115 பாம்புகளை வைத்துக் காட்டியது. நாகம், கட்டுவிரியன் முதலியவற்றின் ஒரு வகை நரம்பு நச்சைத் தடுக்கும், குதிரையே தேவைப்படாத ஓர் எதிர்ப்பொருளை அமெரிக்க, பிரிட்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2024-இல் கண்டதும் அவர்கள்தான். அந்தச் செய்திகளை ஒரு காலத்தில் பெருமையோடு எல்லோருக்கும் அனுப்பியவன் நான். இப்போது ஒவ்வொரு செய்தியிலும் அந்தக் கண்ணாடிக் குழாய்தான் தெரிகிறது. ஆய்வுக்கூடம் வரை வந்துவிட்ட அறிவு எங்கள் ஊர்க் குப்பிக்குள் வர எத்தனை ஆண்டு வேண்டும்? கடிபடுகிறவர்கள் வரப்பிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் என்பதாலா இந்தத் தாமதம்? நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்ற மதிப்பீடு உங்கள் மேசையிலும் இருக்கிறது. நகரத்தில் இப்படி ஒரு சாவு நடந்திருந்தால் இந்த மடலுக்கு அவசியம் வந்திருக்காது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாக்குவோம் என்று 2024 மார்ச்சில் திட்டம் அறிவித்தது நீங்கள்தான். அதை நம்பித்தான் எழுதுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் குழிவிரியனின் விஷத்தைச் சேகரிக்க அனுமதி கொடுங்கள். அதை மருந்தில் சேர்க்கச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். அதுவரை எங்கள் மாவட்ட மருத்துவமனைகளின் சுவரில் இந்தப் பாம்பின் படத்தையாவது ஒட்டச் சொல்லுங்கள், கேட்காத மருந்தை ஏற்றி இன்னொருவருக்கு உடம்பு தூக்கிப்போட வேண்டாம்.

அம்மா இப்போது வெட்டப் போவதில்லை. அவர் வெட்டிய மரங்களை அந்த அக்கா சேர்த்து வெட்டுகிறார், அதே சருகில், அதே இருட்டில்.

பணிவுடன்,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகன்